காலேஜ், லேப், டாக்டர், வக்கீல், ஆடிட்டர்: அங்கீகாரம் எதனால பறிபோகுது, போனா என்ன பண்றது

கேள்வி இதுதான்: தங்கச்சி சென்னைக்கு வெளியில ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல மூணாவது வருஷம் படிக்கிறா, அந்த காலேஜுக்கு அங்கீகாரம் ரத்துன்னு பேப்பர்ல வந்திருக்கு, டிகிரி செல்லுமா? கொளத்தூர்ல மாமா நடத்துற ரத்தப் பரிசோதனை லேபுக்கும் சஸ்பென்ஷன் லெட்டர் வந்திருக்கு, அதுவும் இதே மாதிரி விஷயமா? டாக்டர், வக்கீல், ஆடிட்டருக்கெல்லாம் கூட இப்படி பறிபோகுமா, எதனால போகுது?

நான் லேப், ஆஸ்பத்திரி, காலேஜ்னு தர ஆடிட் வேலையில ரொம்ப வருஷமா இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க. பெரிய மோசடி பண்ணி மாட்டி அங்கீகாரம் போனவங்க இருக்காங்க, ஆனா நான் பாத்த வரைக்கும் அவங்க கம்மிதான். ரெஜிஸ்டர்ல எழுதினது ஒண்ணு, நேர்ல இருக்கிறது ஒண்ணுன்னு ஆகி, அதைக் கேட்டு வந்த நோட்டீஸையும் யாரும் பிரிச்சுப் படிக்காம டேபிள்லயே கிடந்து, அப்படி இழந்தவங்கதான் அதிகம். தங்கச்சி காலேஜா இருந்தாலும் சரி, மாமா லேபா இருந்தாலும் சரி, கிட்டத்தட்ட இதுக்குள்ளதான் வரும்னு நினைக்கிறேன்.

முதல்ல பதறாம, போனது எதுன்னு பாருங்க. பேப்பர்ல எல்லாத்தையும் ஒரே மாதிரி போட்டுடறாங்க. ஒரு இன்ஜினியரிங் காலேஜ் நடக்கணும்னா ஏஐசிடிஇ, அதாவது தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய கவுன்சில், அதோட அப்ரூவல் வேணும், அண்ணா யுனிவர்சிட்டி அஃபிலியேஷன், அதாவது அந்தப் பல்கலையோட இணைப்பு, அதுவும் வேணும், இந்த ரெண்டும் இல்லாம கடையே திறக்க முடியாது. நாக், என்பிஏ ரெண்டும் தரத்தை மதிப்பிடுற அமைப்புங்க, ஆனா நாக் கிரேடு வேற, என்பிஏ வேற. நாக் மொத்த காலேஜுக்கும் கிரேடு குடுக்கும், சாதாரணமா 5 வருஷம் செல்லும். என்பிஏ ஒவ்வொரு கோர்ஸுக்கும் தனித்தனியா குடுக்கும், ஒரே காலேஜ்ல மெக்கானிக்கலுக்கு இருக்கும், சிவிலுக்கு இருக்காது. இன்ஜினியரிங் டிகிரிகளை நாடுகள் ஒண்ணுக்கொண்ணு ஏத்துக்கிற வாஷிங்டன் உடன்படிக்கையில இந்தியா 2014ல நிரந்தர உறுப்பினர் ஆனதுல இருந்து, வெளிநாட்டுல வேலைக்கோ மேல்படிப்புக்கோ போறவங்களுக்கு என்பிஏ கொஞ்சம் முக்கியமாயிடுச்சு. ஆனா நாக் போனாலோ என்பிஏ முடிஞ்சுபோனாலோ டிகிரி செல்லாமப் போகாது. டிகிரி குடுக்கிறது யுனிவர்சிட்டி, காலேஜ் இல்ல. சட்டப்படி டிகிரி குடுக்கிற அதிகாரமே பல்கலைக்கழகத்துக்கும், நிகர்நிலைப் பல்கலைக்கும், பாராளுமன்றச் சட்டம் தனியா அதிகாரம் குடுத்த நிறுவனத்துக்கும்தான் இருக்கு, அதனால தங்கச்சி கையில வரப்போறது அண்ணா யுனிவர்சிட்டி டிகிரிதான்.

அஃபிலியேஷனே போனாதான் விஷயம் சீரியஸ். அதுலயும் ரெண்டு விதம் இருக்கு. ஒண்ணு, அடுத்த வருஷத்துல இருந்து புது அட்மிஷன் போடக்கூடாது, இப்போ படிக்கிறவங்க முடிச்சுட்டுப் போகலாம்னு படிப்படியா மூடுறது. இன்னொண்ணு உடனே மூடுறது, அப்போ பசங்களைப் பக்கத்துல இருக்கிற வேற காலேஜுக்கு மாத்துற ஏற்பாடு நடக்கும். பி.எட். காலேஜ் விஷயத்துல சட்டமே இதை யோசிச்சு வச்சிருக்கு. ஆசிரியர் கல்விக்கான என்சிடிஇ சட்டம் 1993ல 17வது பிரிவுப்படி அங்கீகாரத்தை எடுத்தா, அந்த உத்தரவு கைக்குப் போய்ச் சேந்ததுக்கு அடுத்து வர்ற கல்வியாண்டு முடியும்போதுதான் அமலுக்கு வரும். படிக்கிற பசங்க நடுவுல தெருவுக்கு வந்துடக்கூடாதுங்கிறதுக்காகவே அப்படி எழுதியிருக்காங்க, எல்லா சட்டத்துலயும் இப்படி ஒரு வரி இருந்திருக்கணும்.

பெரிய இடம்னா தப்பிச்சுடும்னு நினைக்காதீங்க. 2023 மே மாசக் கடைசியில நம்ம ஸ்டான்லி மெடிக்கல் காலேஜுக்கே அங்கீகாரம் போச்சு, ஞாபகம் இருக்கா? கூடவே திருச்சி கி.ஆ.பெ. விசுவநாதம், தருமபுரி, இந்த ரெண்டு அரசு மெடிக்கல் காலேஜுக்கும் போச்சு. மூணும் சேத்து 500 எம்பிபிஎஸ் சீட், அதுல ஸ்டான்லி மட்டும் 250. என்ன காரணம்? நோயாளியைச் சரியா பாக்கலையா, பாடம் நடத்தலையா, அதெல்லாம் இல்ல. சிசிடிவி கேமராவுலயும், ஆதாரோட இணைச்ச பயோமெட்ரிக் வருகைப் பதிவுலயும் குறைபாடுன்னு தேசிய மருத்துவ ஆணையம் சொல்லிச்சு. வடசென்னைல பாதிப் பேரு பொறந்த ஆஸ்பத்திரி, கை அறுவை சிகிச்சைக்கு நாடு முழுக்கப் பேர் வாங்கின இடம், ஆனா வருகைப் பதிவு ஒழுங்கா இல்லன்னா இந்தப் பேரெல்லாம் உதவாது. குறையைச் சரி பண்ணிக் காட்டி, கொஞ்ச நாள்லயே அங்கீகாரத்தைத் திரும்ப வாங்கிட்டாங்க. அப்போ நிறைய பேர் கேமராவுக்காகவா ஒரு காலேஜை மூடுவாங்கன்னு கோவப்பட்டாங்க, அந்தக் கோவம் எனக்கும் புரியுது, ஆனா அந்தக் கேமராவும் பயோமெட்ரிக்கும் எதுக்கு வந்துச்சுன்னு பாத்தா, இன்ஸ்பெக்ஷன் அன்னிக்கு மட்டும் வந்து உக்காந்துட்டுப் போற பேராசிரியர்களால வந்துச்சு. பல வருஷமா தனியார் மெடிக்கல் காலேஜ்கள்ல நடந்த கூத்துக்கு ஒழுங்கா வேலை பாக்குற அரசு டாக்டரும் சேத்து விரல் வைக்க வேண்டியதா போச்சு.

இன்ஜினியரிங் பக்கமும் இதே வியாதிதான். 2024 ஜூலைல ஊழலை எதிர்க்கிற அறப்போர் இயக்கம் வெளியிட்டது ஞாபகம் இருக்கும், ஒரே ஆளு ஒரே நேரத்துல பல காலேஜ்ல முழுநேரப் பேராசிரியரா கணக்குல இருக்காருன்னு. அவங்க சொன்ன கணக்குப்படி 224 காலேஜ்ல இந்த மாதிரி நடந்திருக்கு. இது எப்படி சாத்தியம்னா, ஒவ்வொரு காலேஜ்லயும் ஒவ்வொரு ஆதார் நம்பரைக் குடுத்திருக்காங்க, அதைத் தட்டிப் பாத்துச் சரிபாக்க யாரும் இல்ல. பேராசிரியர் கணக்கு காட்டினாதான் அஃபிலியேஷன், உண்மையில ஆள் வச்சா சம்பளம் குடுக்கணும், அதனால பேரை மட்டும் வாடகைக்கு எடுக்கிறாங்க. இதுல காலேஜ் மட்டும் குற்றவாளி இல்ல, பேரைக் குடுத்த ஆளும்தான், அவர் பேரு கறுப்புப் பட்டியல்ல ஏறினா அப்புறம் எங்கயும் வாத்தியார் வேலை பாக்க முடியாது. இதே கதை மெடிக்கல் ஷாப்லயும் நடக்குது, பார்மசிஸ்ட் சர்டிபிகேட் சுவத்துல தொங்கும், ஆளு வேற ஊர்ல வேற வேலை பாப்பாரு. டிரக் இன்ஸ்பெக்டர் வந்து ஆள் எங்கன்னு கேட்டா, கடை லைசன்ஸ் மேலயும் நடவடிக்கை வரும், பார்மசிஸ்ட் பதிவுக்கும் ஆபத்து.

ஸ்கூலுக்கும் இது உண்டு. 2024 மார்ச்ல சிபிஎஸ்இ நாடு முழுக்க 20 பள்ளிக்கூடத்தோட அஃபிலியேஷனை ரத்து பண்ணிச்சு, முக்கியமான காரணம் ஸ்கூலுக்கே வராத பசங்களை அட்மிஷன்ல காட்டி, அவங்க கோச்சிங் சென்டர்ல உக்காந்திருந்தது. நம்ம ஊர்ல தனியார் பள்ளி அங்கீகாரம் புதுப்பிக்கும்போது கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரம், கட்டட உரிமம்னு சர்டிபிகேட் கேப்பாங்க, நிர்வாகத்துல இருக்கிறவங்க அதை ஏதோ தொல்லைனு சலிச்சுக்குவாங்க. 2004 ஜூலை 16, கும்பகோணத்துல கூரை பத்தி எரிஞ்சு 94 குழந்தைங்க போனாங்க. அதுக்கப்புறம்தான் இந்தச் சர்டிபிகேட்டையெல்லாம் உண்மையிலேயே கறாரா கேக்க ஆரம்பிச்சாங்க, அதை யாராவது சும்மா ஃபார்மாலிட்டினு சொன்னா எனக்கு மனசு ஆறாது.

லஞ்சம் குடுத்து கிரேடு வாங்கினா? 2025 பிப்ரவரியில சிபிஐ ஆந்திராவுல ஒரு நிகர்நிலைப் பல்கலை ஆளுங்களையும், அங்க ஆய்வுக்குப் போன நாக் குழு ஆளுங்களையும் கைது பண்ணிச்சு, ஏ++ கிரேடுக்காகப் பணம், தங்கம், போன், லேப்டாப்னு குடுத்ததா குற்றச்சாட்டு. நாக் அந்தப் பல்கலையை 5 வருஷத்துக்கு மதிப்பீட்டுக்கே விண்ணப்பிக்கக்கூடாதுன்னு தள்ளி வச்சது. கேஸ் கோர்ட்ல முடியட்டும், ஆனா இதுல என்னை உறுத்துறது, ஆய்வு பண்ண வந்தவங்களே பேராசிரியருங்க, துணைவேந்தர் மாதிரி பதவில இருந்தவங்க.

இப்போ மாமா லேபுக்கு வரேன். லேபோட தரத்தைப் பாத்து என்ஏபிஎல்ங்கிற தேசிய அமைப்பு குடுக்கிற அங்கீகாரம் பெரும்பாலும் விருப்பப்பட்டு வாங்குறது, அது சஸ்பெண்ட் ஆனா லேபை இழுத்து மூடணும்னு அர்த்தம் இல்ல. லேப் நடத்துறதுக்கு வேண்டியது தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997 கீழ இருக்கிற பதிவு, அது மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் ஆபீஸ் சமாசாரம். ரெண்டுல எந்த லெட்டர் வந்திருக்குன்னு மாமாவைக் கேளுங்க. என்ஏபிஎல் லெட்டர்னா அவர் உடனே பண்ண வேண்டியது ரிப்போர்ட்ல இருந்து அந்த முத்திரையை எடுக்கிறது. சஸ்பென்ஷன்ல இருக்கும்போது பழைய லெட்டர்பேடு நிறைய இருக்கு, தீரட்டும்னு அதுலயே ரிப்போர்ட் குடுத்தா, சின்னக் குறையா இருந்தது முழு ரத்துல போய் முடியும், அது ஏமாத்து வேலை ஆயிடும்.

இன்னொரு விஷயம் பொதுமக்களுக்கும் தெரியாது, பல லேப் ஓனருக்கும் தெரியாது. அங்கீகாரம் லேபுக்கு மொத்தமா இல்ல, எந்தெந்த டெஸ்ட், எந்த முறைல, எந்த இடத்துலன்னு ஒரு லிஸ்ட் இருக்கும், அதுக்கு மட்டும்தான். சுகர், கொலஸ்ட்ரால் லிஸ்ட்ல இருக்கு, தைராய்டு இல்லன்னா, தைராய்டு ரிப்போர்ட்ல முத்திரை போடக்கூடாது. மெயின் லேபுக்கு வாங்கிட்டு, மத்த கலெக்ஷன் சென்டர் எல்லாத்துக்கும் போர்டு மாட்டுறதும் தப்புதான்.

என் வேலையில நான் மறக்காத ஒரு ரெஜிஸ்டர் இருக்கு. பேரு சொல்ல மாட்டேன், சென்னைல ஒரு லேப். ரீஏஜென்ட், அதாவது டெஸ்டுக்கான ரசாயனம், வைக்கிற ஃபிரிட்ஜுக்கு தினம் காலைல சாயங்காலம் டெம்பரேச்சர் எழுதணும், அது அடிப்படை. அழகா எழுதியிருந்தாங்க, எல்லா நாளும் 4 டிகிரி, 5 டிகிரி, கையெழுத்தோட. 2016 டிசம்பர் 12க்கும் அதே 4 டிகிரி, அதே கையெழுத்து. அன்னிக்கு வர்தா புயல், மரம் எல்லாம் சாஞ்சு ரோட்ல கிடந்துச்சு, கரண்ட் போய் நிறைய ஏரியாவுல நாள் கணக்கா வரல. நான் அந்தப் பக்கத்தை விரல் வச்சு, அன்னிக்கு யார் வந்து எழுதினாங்கன்னு கேட்டேன், ரூம்ல யாரும் பேசல. அந்தப் பக்கத்துல கரண்ட் இல்ல, டெம்பரேச்சர் 19, ரீஏஜென்ட் எல்லாம் தூக்கிப் போட்டாச்சுன்னு எழுதியிருந்தா அது ஒரு குறையே இல்ல, நான் பாராட்டியிருப்பேன். அந்தப் பக்கம் பொய்யா போனதும் மீதி எல்லாப் பக்கமும் சந்தேகத்துக்கு வந்துடுச்சு, க்வாலிட்டி கன்ட்ரோல் சார்ட் உண்மையா, மெஷின் காலிபரேஷன் நிஜமா நடந்துச்சா, எதையும் நம்ப முடியல. ஆடிட்ல என்சி, அதாவது தரத்துக்கு ஒத்து வராத குறை, அதைச் சின்னது, பெரியதுன்னு பிரிப்பாங்க. சின்னதுக்கு டைம் குடுத்து சரி பண்ணச் சொல்லுவாங்க, பெரியதுக்கும் வழி இருக்கு, ஆனா ரெகார்டைக் கற்பனையா எழுதியிருந்தா எந்த ஆடிட்டரும் கூட நிக்க மாட்டாங்க.

நிஜமாவே தொழில்நுட்பக் குறையால அங்கீகாரம் போறதும் உண்டு. டெல்லில இருக்கிற தேசிய ஊக்கமருந்து பரிசோதனைக் கூடத்தோட அங்கீகாரத்தை 2019 ஆகஸ்ட்ல வாடா, அதாவது உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு, 6 மாசத்துக்கு சஸ்பெண்ட் பண்ணிச்சு. பரிசோதனை முறை சர்வதேசத் தரத்துக்கு ஒத்து வரலன்னு காரணம். 6 மாசத்துல முடியல, திரும்ப நீட்டிச்சாங்க, கடைசில 2021 டிசம்பர்லதான் கிடைச்சது. அதுவரைக்கும் நம்ம விளையாட்டு வீரர்களோட சாம்பிள் வெளிநாட்டு லேபுக்குப் போச்சு. அரசாங்க லேப், பணமும் இருக்கு, ஆளும் இருக்கு, அப்பவே ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னா, சின்ன லேப் எவ்வளவு ஜாக்கிரதையா இருக்கணும்னு பாத்துக்கோங்க.

கம்பெனிகளுக்கு ஐஎஸ்ஓ சர்டிபிகேட் போறதும் இதே பாதைதான். 3 வருஷத்துக்கு குடுப்பாங்க, நடுவுல வருஷா வருஷம் சர்வைலன்ஸ் ஆடிட், அதாவது கண்காணிப்பு ஆய்வு. அந்த ஆடிட்டைத் தள்ளிப் போட்டாலே சஸ்பென்ஷன் வரும், அது பொதுவா 6 மாசத்துக்கு மேல நீளாது, அதுக்குள்ள சரி பண்ணலன்னா வாபஸ். அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் கம்பெனிக்குப் பார்ட்ஸ் போடுறவங்களுக்கு இது உயிர் போற விஷயம், கார் துறைக்கான ஐஏடிஎஃப் தரச் சர்டிபிகேட் சஸ்பெண்ட் ஆனா கஸ்டமருக்கும் தகவல் போகும், புது ஆர்டர் நிக்கும். ஒரே நாள்ல ஐஎஸ்ஓ வாங்கித் தரோம்னு விளம்பரம் பாத்திருப்பீங்க, தயவுசெஞ்சு அந்தப் பக்கம் போகாதீங்க. ஐஎஸ்ஓ அமைப்பு யாருக்கும் நேரடியா சர்டிபிகேட் குடுக்கிறதில்ல, குடுக்கிற கம்பெனிக்கு, அப்படிப்பட்ட கம்பெனிகளைச் சரிபாக்கிற என்ஏபிசிபி மாதிரி ஒரு அமைப்போட அங்கீகாரம் இருக்கான்னு பாக்கணும்.

தனி மனுஷங்க விஷயம் வேற மாதிரி. டாக்டருக்கு தமிழ்நாடு மருத்துவ கவுன்சில், வக்கீலுக்கு ஹைகோர்ட் வளாகத்துல இருக்கிற பார் கவுன்சில், ஆடிட்டருக்கு ஐசிஏஐ, அதாவது பட்டயக் கணக்காளர் நிறுவனம். யார் பதிவு பண்ணினாங்களோ அவங்கதான் பேரை எடுக்க முடியும், இதை சுப்ரீம் கோர்ட்டே அழுத்திச் சொல்லியிருக்கு. 1998ல வந்த தீர்ப்புல, கோர்ட் அவமதிப்புக்காக ஒரு வக்கீலோட லைசன்ஸைத் தானே சஸ்பெண்ட் பண்ண சுப்ரீம் கோர்ட்டுக்கும் அதிகாரம் இல்ல, அது பார் கவுன்சில் வேலைன்னு சொன்னாங்க. நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட் 2016ல வக்கீல்களை நேரடியா தடை பண்ற மாதிரி விதி கொண்டு வந்தப்போ எவ்வளவு போராட்டம் நடந்துச்சுன்னு பாரீஸ் பக்கம் இருந்தவங்களுக்குத் தெரியும், அந்த விதிகளை 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு.

வக்கீல் மேல புகார் குடுத்தா வழக்கறிஞர் சட்டம் 1961, 35வது பிரிவு. கண்டிப்பு, கொஞ்ச காலம் சஸ்பென்ஷன், இல்லன்னா பேரையே எடுக்கிறதுன்னு மூணு தண்டனை. கட்சிக்காரர் பணத்தைக் கோர்ட்ல இருந்து வாங்கி வச்சுக்கிட்டு குடுக்காம இழுக்கிறது, ரெண்டு பக்கமும் ஆஜராகுறது, போலி ஆவணம், இதெல்லாம்தான் அடிக்கடி வர்றது. ஒரு வருஷத்துக்குள்ள மாநில பார் கவுன்சில் முடிக்கலன்னா புகார் தானாவே டெல்லில இருக்கிற இந்திய பார் கவுன்சிலுக்குப் போயிடணும்னு சட்டத்துல இருக்கு, புகார் குடுத்தவங்க இதைக் கேட்டு வாங்கணும், யாரும் தேடி வந்து சொல்ல மாட்டாங்க.

டாக்டருக்கு 2002 நடத்தை விதிகள்தான் இன்னும் நடைமுறை, 2023ல புதுசு கொண்டு வந்து அதே மாசத்துல நிறுத்தி வச்சுட்டாங்க. சிகிச்சையில தப்பு நடந்தா மட்டும்தான் டாக்டர் மேல நடவடிக்கைனு ஜனங்க நினைக்கிறாங்க. அப்படி இல்ல. பொய் மெடிக்கல் சர்டிபிகேட் குடுத்தது, சம்மதக் கையெழுத்து இல்லாம ஆபரேஷன் பண்ணது, விளம்பரம் பண்ணது, வேலை பாக்காத காலேஜ்ல பேராசிரியர்னு கையெழுத்து போட்டது, கேஸ் ஷீட் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள குடுக்காதது, எல்லாமே தப்புதான். நோயாளியோட ரெகார்டை 3 வருஷம் வச்சிருக்கணும். சிகிச்சை சரியா குடுத்திருந்தும் எழுதி வைக்காததால மாட்டிக்கிட்ட நல்ல டாக்டர்களை எனக்குத் தெரியும், ராத்திரி முழுக்க பேஷண்ட் பக்கத்துலயே நின்னிருப்பாங்க, கேஸ் ஷீட்ல ஒரு வரி இருக்காது. இதுல ஒரு அநியாயமும் இருக்கு. 2019 மருத்துவ ஆணையச் சட்டத்துல மாநில கவுன்சில் முடிவை எதிர்த்து அப்பீல் போற உரிமை டாக்டருக்குன்னுதான் எழுதியிருக்கு, புகார் குடுத்த நோயாளி குடும்பத்துக்கு அந்த வரில இடம் இல்ல. இதை மாத்தணும்னு நான் உறுதியா நினைக்கிறேன்.

ஆடிட்டர் பேர் போறதுக்கு முக்கிய காரணம் பாக்காமலே கையெழுத்து போடுறது. தெரிஞ்சவர், பேங்க் லோனுக்கு அவசரம், ஒரு சர்டிபிகேட் போட்டுக் குடுங்கன்னு கேப்பாங்க, ஒர்க்கிங் பேப்பர், அதாவது கணக்கைச் சரிபாத்ததுக்கான குறிப்பு, ஒண்ணும் இருக்காது. ஐசிஏஐ ஒழுங்குக் குழுவுக்கு பேரை நிரந்தரமாவே எடுக்கிற அதிகாரமும், 5 லட்சம் வரைக்கும் அபராதம் போடுற அதிகாரமும் இருக்கு. பெரிய கம்பெனி ஆடிட்னா 2018ல வந்த என்எஃப்ஆர்ஏங்கிற தேசிய நிதி அறிக்கை ஆணையமும் விசாரிக்கும், அவங்களால 6 மாசத்துல இருந்து 10 வருஷம் வரைக்கும் ஆடிட் பண்ணத் தடை போட முடியும். 2019ல இருந்து ஆடிட்டர் குடுக்கிற சர்டிபிகேட்ல 18 இலக்க யூடிஐஎன், அதாவது ஒவ்வொரு சர்டிபிகேட்டுக்கும் தனியான அடையாள நம்பர், கட்டாயம், அதை நெட்ல போட்டுப் பாத்தா நிஜமா இல்லையான்னு யாருக்கும் தெரிஞ்சுடும். போலி கையெழுத்தைப் பிடிக்க இதைவிட நல்ல ஏற்பாடு மத்த தொழில்ல இன்னும் வரல.

ஒரு தடவை போனா திரும்ப வருமாங்கிறதுக்கு ஆர்தர் ஆண்டர்சன் கதையைச் சொல்லணும். உலகத்துல பெரிய அஞ்சு ஆடிட் கம்பெனில ஒண்ணு. கணக்கு மோசடியில விழுந்த என்ரான்ங்கிற அமெரிக்கக் கம்பெனி விவகாரத்துல 2002 ஜூன்ல குற்றவாளின்னு தீர்ப்பு வந்துச்சு, ஆகஸ்ட் 31ஓட லைசன்ஸை ஒப்படைச்சுட்டு ஆடிட் பண்றதை நிறுத்திட்டாங்க. 2005ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பையே ஒருமனதா ரத்து பண்ணிச்சு, ஆனா அப்போ திரும்பி வர கம்பெனியே இல்ல, கிளையண்ட் போயாச்சு, ஊழியர்கள் கலைஞ்சாச்சு. சட்டப்படி ஜெயிக்கிறதும் தொழிலைத் திரும்பப் பிடிக்கிறதும் ஒண்ணு இல்ல.

எல்லாமே இவ்வளவு கறாரா நடக்குதான்னா, இல்ல, அதையும் சொல்லியாகணும். காஞ்சிபுரம் மாவட்டத்துல இருந்த ஸ்ரீசன் பார்மா தயாரிச்ச கோல்ட்ரிஃப் இருமல் மருந்துல டைஎத்திலீன் கிளைக்கால்ங்கிற விஷம் 48.6 சதவீதம் இருந்ததா நம்ம மாநில லேப்லயே தெரிஞ்சது 2025 அக்டோபர்ல. அதுக்குள்ள மத்தியப் பிரதேசத்துல குழந்தைங்க செத்துட்டாங்க. அந்த மாசமே லைசன்ஸை ரத்து பண்ணாங்க, சரி, ஆனா அந்த லைசன்ஸ் அதுக்கு முன்னாடியே போயிருந்தா அந்தக் குழந்தைங்க இருந்திருக்கும். ரெகுலர் இன்ஸ்பெக்ஷன் எதுக்குன்னா இதுக்குத்தான். பெரிய சேதம் நடந்தப்புறம் ரத்து பண்றதை நான் நடவடிக்கைனு சொல்ல மாட்டேன்.

சரி, மாமா லெட்டருக்கு என்ன பண்ணலாம். எந்த அமைப்பா இருந்தாலும், பறிக்கிறதுக்கு முன்னாடி காரணம் கேட்டு நோட்டீஸ் குடுக்கணும், பதில் சொல்ல நேரம் குடுக்கணும், கேட்டா நேர்ல பேச வாய்ப்பும் குடுக்கணும். இது இல்லாம வந்த உத்தரவுன்னா ஹைகோர்ட்ல ரிட் போட்டா பெரும்பாலும் திரும்ப விசாரிங்கன்னு அனுப்பிடுவாங்க. ஆனா நோட்டீஸ் வந்து பதில் போடாம இருந்துட்டு கோர்ட்டுக்குப் போனா, ஜட்ஜ் கேக்கிற முதல் கேள்வியே அதுதான். பதில்ல வக்கீல் பாஷை வேண்டாம். ஒவ்வொரு குறைக்கும் தனித்தனியா: நடந்தது என்ன, ஏன் நடந்துச்சு, இப்போ என்ன மாத்தியிருக்கோம், அதுக்கு ஆதாரம் இது, எந்தத் தேதிக்குள்ள மீதி முடியும். ஏன் நடந்துச்சுங்கிற இடத்துல "ஊழியர் கவனக்குறைவு, எச்சரிக்கப்பட்டார்"னு எழுதினா அதை எந்த அமைப்பும் ஏத்துக்காது. அந்த ஊழியர் ராத்திரி ஷிஃப்ட்ல தனியா எத்தனை சாம்பிள் பாத்தாரு, டிரெயினிங் குடுத்தீங்களான்னு அடுத்த கேள்வி வரும். குறை உண்மைன்னா ஒத்துக்கிட்டு சரி பண்ணச் சொல்லுங்க. முன் தேதி போட்டு புதுசா ரெஜிஸ்டர் எழுத மட்டும் விடாதீங்க, யாராவது கன்சல்டன்ட் வந்து அப்படி சொன்னா அந்த ஆளை வாசலோட அனுப்பிடுங்க. சஸ்பென்ஷன் பத்தி டாக்டர்களுக்கும் கான்ட்ராக்ட் வச்சிருக்கிற கம்பெனிகளுக்கும் அவரே போன் பண்ணிச் சொல்றது நல்லது, மத்தவங்க சொல்லித் தெரிஞ்சா நம்பிக்கை போயிடும்.

தங்கச்சிக்கு: பேப்பர் செய்தியை விட்டுட்டு உத்தரவோட காப்பியைத் தேடுங்க, அதுல யார் போட்டது, எந்த வருஷத்து அட்மிஷன்ல இருந்து அமல்னு இருக்கும். அண்ணா யுனிவர்சிட்டி தளத்துல இந்த வருஷ அஃபிலியேஷன் பட்டியல்ல காலேஜ் பேரும் அவளோட கோர்ஸ் பேரும் ரெண்டும் இருக்கான்னு பாருங்க, காலேஜ் இருந்து கோர்ஸ் மட்டும் இல்லாமப் போறதும் உண்டு. போனாபைட் சர்டிபிகேட், இதுவரைக்கும் உள்ள மார்க் ஷீட், ஃபீஸ் ரசீது எல்லாத்தையும் இப்பவே வாங்கி வீட்ல வைங்க, ஆபீஸ்ல ஆள் இருக்கும்போதே. பத்தாவது, பன்னெண்டாவது ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் காலேஜ் வாங்கி வச்சிருந்தா எழுத்துல கேட்டுத் திரும்ப வாங்குங்க, ஒரிஜினலைப் பிடிச்சு வைக்கக்கூடாதுன்னு பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2018லயே சொல்லியிருக்கு. பயத்துல அவளா டிசி வாங்கிட்டு வெளில வந்துட வேண்டாம், அப்படி வந்தா மாத்தி விடுற பட்டியல்ல அவ பேரு வராமப் போக வாய்ப்பு இருக்கு. க்ளாஸ்ல இருக்கிற பசங்க எல்லாரும் சேந்து யுனிவர்சிட்டி ரெஜிஸ்ட்ராருக்கு ஒரு மனு குடுத்து, முத்திரை போட்ட காப்பியை வாங்கிக்கோங்க, கிண்டி கேம்பஸ்ல நேர்ல போய் குடுத்தா இன்னும் நல்லது.